முதலைக்குச் சொந்தம் பல்லியா, குருவியா?

பல்லி, முதலை, சிட்டுக்குருவி. இந்த மூன்றில் நெருங்கிய சொந்தம் யார் யார் என்று கேட்டால், பல்லியும் முதலையும் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவோம். செதில், நாலு கால், நீண்ட வால் என்று எல்லாம் பொருந்துகிறது. ஆனால் உயிரியலாளர்கள் முதலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது குருவியோடுதான்.

காரணம் இதுதான்: செதிலும் நாலு காலும் மூன்றுக்கும் பொதுவான மூதாதையிடமே இருந்த பழைய சொத்து. குருவியின் வழியில் முன்னங்கால் பிற்பாடு சிறகாக மாறியது. முதலையின் வழியில் அது காலாகவே நின்றது. பழையதை இரண்டு பேர் மாற்றாமல் வைத்திருந்தால் அதிலிருந்து நெருக்கம் தெரியாது. இடையில் புதிதாக முளைத்த ஒன்று யார் யாரிடம் சேர்ந்து இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டை ஒரு முறையாகவே வகுத்தவர் வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர். அவருடைய நூல் 1950-இல் வந்தது.

சரி, எது பழையது, எது புதியது என்று எப்படிச் சொல்வது? வெளியாள் ஒருவரைக் கூப்பிட வேண்டும். இங்கே தவளை; இந்த மூன்றின் கிளையிலிருந்து முன்பே பிரிந்துபோனது. அதன் இதயத்தில் மூன்று அறைகள். பல்லிக்கும் மூன்றுதான், கீழறை முழுதாகத் தடுக்கப்படவில்லை. முதலைக்கும் குருவிக்கும் நான்கு. ஆக, மூன்று பழையது, நான்கு புதியது.

நமக்கும் நாலறை இதயம் இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நம் கிளை 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து, அதே ஏற்பாட்டைத் தனியாக உருவாக்கிக்கொண்டது. இப்படி ஏமாற்றும் ஒற்றுமைகள் நிறைய உண்டு. அதனால் ஒரே உறுப்பை நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. எலும்பு, உறுப்பு, டிஎன்ஏ என்று நூற்றுக்கணக்கான அடையாளங்களை அடுக்கி, எந்த வம்சாவளி மரம் வரைந்தால் அவற்றையெல்லாம் மிகக் குறைந்த மாற்றங்களோடு விளக்க முடிகிறது என்று கணினியில் தேடுகிறார்கள். இப்போது நிகழ்தகவுக் கணக்கும் சேர்ந்துகொண்டது.

எனக்குப் பிடித்த வழக்கு திமிங்கிலம். அது மீன் இல்லை, பாலூட்டி என்று உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758-லேயே சரியாக எழுதிவிட்டார். ஆனால் எந்தப் பாலூட்டிக்குப் பங்காளி? பல்லின் வடிவத்தை வைத்து, அழிந்துபோன ஓர் ஊனுண்ணிக் கூட்டத்தைக் கைகாட்டினார்கள் தொல்லுயிர் ஆய்வாளர்கள். டிஎன்ஏ வேறு கதை சொன்னது. தன்னை நகலெடுத்துக்கொண்டு மரபுத்தொகையில், அதாவது ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏவில், எங்காவது போய் ஒட்டிக்கொள்ளும் துண்டுகள் உண்டு. திமிங்கிலத்திலும் நீர்யானையிலும் அந்தத் துண்டுகள் சில அச்சு அசலாக ஒரே இடங்களில் ஒட்டியிருந்தன. அவ்வளவு பெரிய மரபுத்தொகையில் இது தற்செயலாகத் திரும்பத் திரும்ப நடக்காது.

எலும்புக்காரர்கள் சிலர் அப்போதும் தயங்கினார்கள். பிறகு பாகிஸ்தானில் கிடைத்த, கால்கள் கொண்ட ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு பற்றிய ஆய்வுகள் 2001-இல் வெளிவந்தன. உள்ளங்கையில் அடங்கும் எலும்பு; மேலும் கீழும் கிணற்றுக் கப்பி போலப் பள்ளம். மாடு, மான், நீர்யானை போன்ற இரட்டைக் குளம்பிகளுக்கே உரிய அமைப்பு அது. அதோடு வழக்கு முடிந்தது.

இந்த முறையில் ஒரு கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால், மரத்தில் ஒரே வெட்டில் விழும் முழுக்கிளையாக இருக்க வேண்டும். மூதாதையும் அதன் எல்லா வாரிசுகளும் அதில் இருக்க வேண்டும். பறவைகளை வெளியே தள்ளிய ‘ஊர்வன’ இதில் தேறாது. ‘மீன்’ நிலைமை இன்னும் மோசம். நுரையீரல் மீனுக்கு மற்ற பெரும்பாலான மீன்களைவிட மாடுதான் நெருங்கிய சொந்தம். மீன்கள் எல்லாம் ஒரே வெட்டில் விழ வேண்டுமென்றால் தவளையும் முதலையும் குருவியும் மாடும் நாமும் சேர்ந்தே விழ வேண்டியதுதான்.