கொப்பிக்கு முன் கை: முன்பள்ளியில் செயற்பாட்டு மூலைகளும் எழுத்தறிவும்

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை எந்த முன்பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தாலும், பிள்ளைக்கு எப்போது எழுதப் பழக்குவீர்கள் என்ற கேள்வி முதலில் எழுந்துவிடும். பக்கம் நிறைய 'அ' எழுதிய கொப்பியோடு பிள்ளை வீடு திரும்பினால் அது நல்ல பள்ளி என்றும், மணலிலும் சிரட்டையிலும் விளையாடிவிட்டு வெறுங்கையோடு வந்தால் கட்டிய காசு வீண் என்றும் பலர் கணக்கிடுகின்றனர். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிய பயம் மூன்று வயதுப் பிள்ளையின் வீட்டிலேயே தொடங்கிவிடும் நாட்டில் இதற்காகப் பெற்றோரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. எனினும், தரம் 1இல் எழுத்துகள் தொடக்கத்திலிருந்தே கற்பிக்கப்படுகின்றன. அந்த வகுப்பில் அமரப்போகும் பிள்ளைக்கு எழுதத் தயாரான கை, ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் காது, நாம் பேசுவதைத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள் என்ற விளக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். இம்மூன்றும், பிள்ளைகள் தாமே எடுத்து விளையாடும்படி பொருட்களை வைத்த வகுப்பறை இடங்களான செயற்பாட்டு மூலைகளில்தான் உருவாகின்றன என்பதே ஆசிரியைகளுக்கான பயிற்சிகளில் நான் தொடர்ந்து வலியுறுத்தி வருவது.

நான்கு வயதில் மணிக்கட்டின் சிற்றெலும்புகளிற் சில இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. மூன்று விரல்களால் பென்சிலைப் பிடித்து இயக்கும் திறன் பல பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதளவிலேயே நிலைபெறுகின்றது. போதாக்குறைக்கு, நமது நெடுங்கணக்கின் முதல் எழுத்துகளான அ, ஆ, இ ஆகியவை சுழிகளும் வளைவுகளும் மிகுந்தவை. ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளை எளிதாக வரையக்கூடிய கையை, வரிசையைக் காரணம் காட்டி 'இ'யில் தொடங்கச் சொல்கிறோம். வரிசையைப் பாட்டாகப் பாடட்டும். கைக்கோ எளிய வடிவமே முதலில் வரவேண்டும். களிமண்ணைப் பிசைதல், ஈரத்துணியைப் பிழிதல், பன்புல்லையோ ஓலைக்கீற்றையோ மேலும் கீழுமாகக் கோத்துப் பின்னுதல் ஆகியவையெல்லாம் எழுத்து வேலைகளே. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பது நமக்குப் பழக்கமானதுதான். அதை ஒரே நாளோடு நிறுத்திக்கொள்வதற்குத்தான் காரணம் தெரியவில்லை. தட்டில் பரப்பிய கடற்கரை மணலில் ஒவ்வொரு நாளும் விரலால் எழுதலாம், பிழைத்தால் ஒரு தட்டலில் அழிக்கலாம். 1907இல் ரோமில் சிறுவர் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரியும் சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகும்படி செய்தார்.

மூலைகள் பல முன்பள்ளிகளில் இருக்கவே செய்கின்றன. ஆனால் மேற்பார்வைக்கு வருபவர் பார்ப்பதற்காக அடுக்கப்பட்டு, பிள்ளைகள் தொட முடியாதபடி உயரத்தில் இருக்கின்றன. சிறுவர் சந்தையும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோர் மரக்கறி வாங்க, புகைப்படம் எடுத்து முடிந்துவிடுகிறது. அதே சந்தையை நான்கைந்து பிள்ளைகள் மட்டும் விளையாடும் கடை மூலையாக ஆண்டு முழுவதும் வைத்திருந்தால், அங்கு எழுத்துக்கு ஒரு வேலை கிடைக்கும். வெற்று மாப் பைகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் உள்ள பெயர்களைப் பார்த்துப் பொருளை எடுப்பார்கள். விலை மட்டை வைப்பார்கள். துண்டுக் கடதாசியில் கிறுக்கி "இது பில்" என்று நீட்டுவார்கள். அந்தக் கிறுக்கலைத் திருத்தக் கூடாது. எழுத்து என்பது ஒரு செய்தியைச் சுமக்கிறது என்று அந்தப் பிள்ளை கண்டுகொண்டதற்கு அதுவே சான்று.

எழுத்து மூலையை அமைக்கும்போது ஆங்கில எழுத்து மட்டைகளைப் பார்த்து அப்படியே செய்வதால் ஒரு சிக்கல் வருகிறது. இருபத்தாறு எழுத்துக்கு இருபத்தாறு படம் என்ற முறை 247 எழுத்துகளுக்கு ஒத்துவராது, ஒத்துவரவும் வேண்டியதில்லை. 'தோணி' என்ற சொல்லைப் பாருங்கள். காதில் முதலில் விழுவது தகர ஒலி, கண்ணில் முதலில் படுவது கொம்பு (ே). அரவோ (ா) எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. கொம்பு, அரவு, மெய் ஆகியவற்றைத் தனித்தனி மட்டைகளில் வெட்டிக் கொடுத்தால், ஆர்வமுள்ள ஐந்து வயதுப் பிள்ளை அவற்றை நகர்த்தி இந்தப் புதிரைத் தானே பிரித்துப் பார்க்கும். மற்றப் பிள்ளைகளுக்கு, தோ-ணி, வா-ழை என்று அசைக்கு ஒரு தட்டாகக் கை தட்டுவதும், தமது பெயர் மட்டையைக் காலையில் தேடி எடுத்து வரவுப் பலகையில் மாட்டுவதும் போதுமானவை. நொடி (விடுகதை) போடுவதும் காதைக் கூர்மையாக்கும். அதற்குச் செலவே இல்லை.

என் அனுபவத்தில் மிகுந்த பயன் தருவதும், மிகக் குறைவாகச் செய்யப்படுவதும், பிள்ளை சொல்லச் சொல்ல ஆசிரியை எழுதுவதுதான். தான் வரைந்த படத்தைக் காட்டி, "வாப்பா வலை போட்டாரு, மீன் ஓடிட்டுது" என்று காத்தான்குடிப் பிள்ளை சொன்னால், படத்துக்குக் கீழே அதே சொற்களை எழுதி, விரலை வைத்து வாசித்துக் காட்ட வேண்டும். 'அப்பா' என்றோ 'ஓடிவிட்டது' என்றோ அந்த இடத்தில் மாற்றினால், தான் சொன்னதே தாளில் இருக்கிறது என்ற கண்டுபிடிப்பு கலைந்துவிடும். எழுத்துத் தமிழைக் கதைப் புத்தகம் தந்துகொள்ளும். கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள வகுப்பறைச் சுவர்களில் 'உ' எழுத்துக்கு உரலின் படத்தோடு உம்மாவின் படமும் இருக்கலாமே.

புத்தக மூலைக்குப் பாயும், அட்டை முகம் தெரியும்படி புத்தகங்களைச் செருகிய துணிப் பைகளும் போதும். மார்கழி மழையில் நமது பக்கத்து ஓட்டுக் கூரைகள் ஒழுகுவதும் சுவர்கள் ஈரமாவதும் தெரிந்ததே. ஆகவே பைகளைச் சுவரில் அறையாமல் கயிற்றில் தொங்கவிடுவது நல்லது.

சேகரிக்கும் பொருட்களில் ஓர் எச்சரிக்கை அவசியம். அழகாக இருக்கின்றது என்பதற்காகக் குன்றிமணியை எண்ணல் மூலையில் வைத்திருப்பதை இன்னும் காண முடிகிறது. அது கொடிய நஞ்சு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே அகற்றிவிடுங்கள். புளியங்கொட்டையும் சிறு சோகியும் மூக்கிலோ தொண்டையிலோ போகக்கூடியவை; பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் வெளியே எடுக்கலாம்.

கொப்பி கேட்கும் பெற்றோருக்குக் காட்ட, பிள்ளைக்கு ஒரு கோவை வைத்திருங்கள். திகதியிட்ட படங்களும், அவற்றின் கீழே பிள்ளை சொல்லி நீங்கள் எழுதிய வாக்கியங்களும், கடை மூலையின் 'பில்'களும் அதில் சேரட்டும். தவணை முடிவில் அதைப் பிள்ளையே தாய்க்கு வாசித்துக் காட்டும்படி கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கலாம். முடிந்தால் தாயையும் ஒருநாள் காலை மூலையில் வந்து இருக்கச் சொல்லுங்கள். களிமண்ணில் அந்தக் கை என்ன செய்கிறது என்பதை அவரே பார்க்கலாம்.