மாங்காய்ப் பத்தையில் ஏன் தண்ணீர் கசிகிறது?

மெரினாவில் மாங்காய்ப் பத்தை வாங்கினால், உடனே கடித்துவிடாமல் ஐந்து நிமிடம் கையில் வைத்திருங்கள். கஷ்டம்தான், ஆனாலும் பாருங்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் துளிர்த்திருக்கும். அது யாரும் தெளித்த தண்ணீர் இல்லை, மாங்காயின் செல்களுக்குள் இருந்தது. உப்பு போட்டுக் குலுக்கி வைத்த மாவடு சில நாளில் தன் தண்ணீரிலேயே மிதப்பதும் இதனால்தான்.

மாங்காயின் ஒவ்வொரு செல்லுக்கும் வெளியே செல்லுலோஸால் ஆன சுவர் இருக்கிறது. அதை ஒட்டி உள்பக்கம் மெல்லிய சவ்வு. நடுவில், செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, தண்ணீர் நிறைந்த பெரிய நுண்குமிழ். அந்தத் தண்ணீர் சுவரை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் பச்சை மாங்காய் 'நறுக்' என்கிறது. சுவர் உப்பைத் தடுக்காது, சவ்வு தடுக்கும். ஆனால் தண்ணீரை விட்டுவிடும். வெளியே உப்பு அதிகமானதும் தண்ணீர் அந்தப் பக்கம் போகிறது, குமிழ் சுருங்குகிறது, பத்தை துவள்கிறது. பள்ளியில் 'சவ்வூடு பரவல்' என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான்.

இந்தச் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான். தண்ணீரில் கரைந்த உப்பால் அந்தக் கொழுப்பைக் கடக்க முடியாது. தண்ணீருக்கோ தனிக் குழாய்களே உண்டு. அக்குவாபோரின் என்ற புரதம் அந்த வேலையைச் செய்வதை 1992இல் பீட்டர் ஆக்ரேயின் குழு காட்டியது. 2003இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குழாய் மிகக் குறுகல் என்பதால், ரேஷன் கடை வரிசை மாதிரி தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும்.

சவ்வு கெட்டால் என்ன ஆகும்? பீட்ரூட்டை நறுக்கிக் கழுவி, பச்சைத் தண்ணீரில் ஒரு துண்டும் கொதிநீரில் ஒரு துண்டும் போடுங்கள். கொதிநீர் சட்டென்று சிவக்கும். நிறம் அந்த நுண்குமிழுக்குள் பூட்டிக் கிடந்தது. சூடு பூட்டை உடைத்துவிட்டது.

சரி, நம் உடம்புக்கு வருவோம். நம் செல்களுக்குச் சுவர் கிடையாது. ரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. எதிரே கிடக்கும் கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். தாகத்துக்குக் கடல் ஏன் உதவாது என்பது இப்போது புரிந்திருக்கும்.

சவ்வு வெறும் வேலியும் இல்லை. அதையும் மீறிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசிந்து வரும் சோடியத்தை (உப்பின் ஒரு பகுதி) அதிலிருக்கும் ஒரு பம்ப் ஓயாமல் வெளியே தள்ளுகிறது. மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே, ஒவ்வொரு முறைக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. 1957இல் ஜென்ஸ் ஸ்கௌ கண்டறிந்தது இது. ஏடிபியைப் பெரும்பாலும் தயாரித்துக் கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா. பம்பைக் கட்டும் குறிப்பு உட்கருவில் இருக்கிறது. அதைப் படித்துப் புரதமாகக் கோப்பது ரைபோசோம். (சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இந்த ரைபோசோமின் அமைப்பை விளக்கியதற்காகத்தான்.) சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, ரைபோசோமும் இல்லை. பழுது வந்தால் புதுப் புரதம் செய்துகொள்ள வழியில்லை. சுமார் 120 நாளில் ஆயுள் முடிகிறது.

அப்புறம் ஓஆர்எஸ், அதாவது வயிற்றுப்போக்குக்குக் குடிக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல். மாங்காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்த அதே உப்பு, வயிற்றுப்போக்கில் தண்ணீரை உடம்புக்குள் கொண்டுவருவது எப்படி? குடல் செல்களின் சவ்வில் ஒரு விசேஷக் கதவு இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும்; அவை உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். காலராவிலும் இந்தக் கதவு வேலை செய்யும். 1971இல் வங்கதேசத்திலிருந்து வந்த அகதிகளின் முகாமில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தே பலரைப் பிழைக்க வைத்தார்.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. அளவைக் கூட்டிவிடாதீர்கள், கூடினால் குடலும் மாங்காய்ப் பத்தை மாதிரி தண்ணீரைக் கசியவிட ஆரம்பித்துவிடும்.