பாக்கெட் சாராயத்துக்குள் மெத்தனால்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு வயிற்றுவலி, வாந்தி. அப்புறம் கண் தெரியவில்லை என்றார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் இப்படி நடந்தது. இரண்டு இடத்திலும் ஆளைக் கொன்றது மெத்தனால்.

வழக்கமான சாராயத்தில் போதை தருவது எத்தனால். மெத்தனால் அதற்குத் தம்பி மாதிரி, ஒரு கார்பன் அணு குறைவு. நிறம் கிடையாது, வாடையிலும் பெரிய வித்தியாசம் தெரியாது, கொஞ்சம் போதையும் ஏறும். பெயின்ட், வார்னிஷ், பிளாஸ்டிக் தொழில்களுக்கு வேண்டிய பொருள் இது. காய்ச்சும் பக்குவம் தப்பினால் சாராயம் விஷமாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வெல்லத்தில் ஊறல் போட்டுக் காய்ச்சினால் வருகிற மெத்தனால் சொற்பம். கூட்டமாக ஆட்கள் சாகிறார்கள் என்றால், யாரோ தொழிற்சாலைச் சரக்கைக் கலந்திருக்கிறார்கள்.

இதில் விசித்திரம், மெத்தனால் அப்படியே உடம்பில் கிடந்தால் பெரிய கேடில்லை. அதை விஷமாக்குவது நம் கல்லீரல்தான். ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து ஃபார்மால்டிஹைடாக மாற்றும். பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் இருப்பது அதுதான். அடுத்த கட்டத்தில் ஃபார்மிக் அமிலம், அதாவது சில எறும்புகள் கடித்த இடத்தில் எரிகிறதே, அந்த அமிலம். இது செல்லுக்குள் புகுந்து அங்கே ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் கடைசி வேலையை, அதாவது ஆக்சிஜனைப் பயன்படுத்துவதை, முடக்கிவிடும். மூச்சு இரைக்க இரைக்க ஆக்சிஜன் வந்துகொண்டேயிருக்கும், செல்லுக்கு அதைப் பயன்படுத்தத் தெரியாது. பார்வை நரம்புக்கு ஆற்றல் நிறைய வேண்டும் என்பதால் அது முதலில் அடிவாங்குகிறது. பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல எல்லாம் வெளுத்துத் தெரியும். 10 மில்லி சுத்த மெத்தனால் கண்ணைப் பறித்துவிடலாம், 30 மில்லி உயிரையே எடுக்கலாம்.

எலிக்குக் கொடுத்தால் அதற்குக் கண் போகாது. ஃபார்மிக் அமிலத்தை வேகமாக அப்புறப்படுத்த அதன் கல்லீரலில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் தாராளமாக இருக்கிறது. நமக்கும் குரங்குகளுக்கும் அந்த வசதி குறைவு.

சரி, மாற்று மருந்து? எத்தனால்! அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால் மேல்தான் பிரியம் அதிகம். இரண்டும் இருந்தால் எத்தனாலைத்தான் முதலில் பிடிக்கும். அந்த நேரத்தில் மெத்தனால் மாறாமல் காத்திருக்கும், டயாலிசிஸ் செய்து வெளியேற்றிவிடலாம். ஃபோமெபிசோல் என்ற ஊசி போதை இல்லாமலே இந்த வேலையைச் செய்யும், விலைதான் அதிகம். வீட்டில் யாரும் இதை முயற்சி செய்ய முடியாது. ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்து மருத்துவமனையில் கொடுக்க வேண்டியது.

பாக்கெட்டில் இரண்டும் கலந்திருந்தால் இதே போட்டி உடம்புக்குள்ளும் நடக்கும். எத்தனால் தீரும்வரை விஷம் தலைகாட்டாது. குடித்தவர் தூங்கி எழுந்து வேலைக்குக்கூடப் போவார், 12 மணி நேரமோ ஒரு நாளோ கழித்துத்தான் கண் மங்கும். கருணாபுரத்தில் முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. முந்தின நாள் குடித்தவர்களில் பலர் அப்போது நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்திருப்பார்கள்.