காலி, பத்தி, செப்பு: ஒரே எழுத்தில் எத்தனை சொற்கள்?

‘காலி’ என்று தமிழில் எழுதி வேலூரில் நாலு பேரிடம் நீட்டினால் நாலு பொருள் கிடைக்கலாம். மண்டித் தெரு கடைக்காரருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. வீட்டில் உருது பேசுகிற ஆம்பூர்க்காரர், முதல் எழுத்தைக் ‘காந்தி’யில் வருவது மாதிரி உச்சரித்தால் அவருக்கு அது வசவு. அதே உச்சரிப்பில் சித்தூர்த் தெலுங்குக்காரருக்குக் காற்று. பழந்தமிழ் படித்தவருக்கு மாட்டு மந்தை. ‘காலிப் பயல்’ என்று திட்டுகிறோமே, அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இவை ஒரே சொல்லின் பல பொருள்கள் அல்ல, தனித்தனிச் சொற்கள். வெறுமையைக் குறிக்கும் காலி அரபியில் பிறந்தது. அங்கே அதன் முதல் ஒலி தொண்டையை உரசிக்கொண்டு வரும். ஆற்காடு நவாபுகளின் கச்சேரிகளில் பாரசீகம்தான் எழுத்து மொழி. வசூல், ஜப்தி, ரசீது மாதிரியான சொற்கள் நம் வாயில் பழகியதும் பாரசீகம், உருது வழியாகத்தான். வசவுக் காலி வட இந்திய மொழிகளின் சொத்து. தெலுங்குக் காற்றோ நமக்குச் சொந்தக்காரர். பழந்தமிழில் ‘கால்’ என்றாலும் காற்றுதான். வேறு வேறு ஊரில் பிறந்த இத்தனை பேரும் தமிழ் எழுத்தில் ஒரே முகமாகிவிட்டார்கள்.

ஏன் இப்படி? வடமொழி நெடுங்கணக்கில் மூக்கொலிகளைக் கழித்துவிட்டால் வல்லொலிகள் 20. ஐந்து வரிசை, வரிசைக்கு நாலு. தமிழில் அந்த 20க்கும் சேர்த்து க, ச, ட, த, ப என்ற 5 எழுத்துகள்தான். நாலு அளவுக் கால்களுக்கு ஒரே அளவுச் செருப்பு மாதிரி. இரண்டு வல்லொலிகள் உள்ள வடசொல் ஒன்று தமிழ் எழுத்துக்கு வந்தால், அதன் பின்னால் 4 x 4, அதாவது 16 விதமான மூல உச்சரிப்புகள் ஒளிந்திருக்க இடமிருக்கிறது.

இதைத் தமிழ் எழுத்தின் குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழ்ச் சொற்களில் ஓர் எழுத்து எங்கே நிற்கிறது என்பதே அதன் ஒலியைச் சொல்லிவிடும். ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் க வருகிறது, மூன்றிலும் ஒலி வேறு. சொல்லின் தொடக்கத்தில் வன்மையாக, மூக்கெழுத்துக்குப் பின் அதிர்ந்து, உயிர்களுக்கு நடுவே மெலிந்து ஒலிக்கிறது. சொல்லிக்கொடுக்காமலே குழந்தைகூடச் சரியாகப் படிக்கும். தானாகத் தெரிகிற ஒன்றுக்குத் தனி எழுத்து எதற்கு? அந்தக் கணக்கு உள்ளூர்ச் சொற்களுக்குப் போட்டது. இந்த விதிக்குக் கட்டுப்படாத வெளிச் சொற்கள் வந்த பிறகுதான் நெரிசல்.

அந்த நெரிசலில் சத்துவாச்சாரி கோர்ட்டில் வக்கீல் வைக்கும் வாதமும், ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் பக்கவாதமும் ஒன்றாகிவிட்டன. முன்னது பேச்சு சம்பந்தப்பட்ட வடசொல், பின்னது காற்றைக் குறிக்கும் வடசொல். மூலத்தில் இரண்டுக்கும் நடுவெழுத்தே வேறு. நளபாகத்தில் இருக்கும் பாகம் சமையல், முதல் பாகத்தில் இருக்கும் பாகம் பகுதி. இவையும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எழுத்து மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். ‘பத்தி’யை எடுத்துக்கொள்வோம். சைவர்கள் பக்தியைப் பத்தி என்று எழுதினார்கள். செய்தித்தாளில் வரும் பத்தி, வரிசை என்ற பொருளுள்ள ‘பங்க்தி’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரும் பந்தியும் அதே சொல்தான், வேறொரு பாதையில் உருமாறி வந்திருக்கிறது. பேச்சில் ‘அவரைப் பத்தி’ என்கிறோம், அது ‘பற்றி’. அப்புறம் ஊதுபத்தி. இதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. திரியைக் குறிக்கும் ‘வர்த்தி’ என்ற வடசொல் நேரடியாகத் தமிழுக்கு வந்து ‘வத்தி’ ஆயிற்று. அதே சொல் வடக்கே இந்தியில் ‘பத்தி’ என்று மாறி, அங்கிருந்து மறுபடி தமிழுக்கு வந்தது. ஊதுவத்தி சரியா, ஊதுபத்தி சரியா என்று சண்டை போடுகிறவர்கள் ஒரே ஆளின் இரண்டு வருகைகளுக்கு நடுவே நின்றுகொண்டு சண்டை போடுகிறார்கள்.

பத்தி அதோடு முடியவில்லை. தெலுங்கில் பத்தி என்றால் பருத்தி. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. நம் ‘பருத்தி’ தெலுங்கில் ‘பத்தி’. நம் ‘மருந்து’ தெலுங்கில் ‘மந்து’. நம் ‘செருப்பு’ தெலுங்கில் ‘செப்பு’. மூன்றிலும் நடுவில் இருந்த ‘ரு’ காணாமல் போயிருக்கிறது. ஒரு சொல்லில் நடந்தால் தற்செயல் எனலாம். அதே இடத்தில், அதே மாதிரி, பல சொற்களில் நடந்தால் அது ஒலிமாற்ற விதி. மொழியியலாளர் இரண்டு சொற்கள் உறவா என்று தீர்மானிப்பது எழுத்து ஒத்துப்போவதை வைத்து அல்ல, வித்தியாசம் ஒழுங்காக இருக்கிறதா என்பதை வைத்துத்தான். 1816இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்ததல்ல, தமிழ், கன்னடம் ஆகியவற்றின் குடும்பம் என்று எழுதியபோது, மூன்று மொழிகளின் வேர்ச்சொற்களை வரிசையாக வைத்துத்தான் ஒப்பிட்டுக் காட்டினார்.

செப்பு நம் பகுதிக்கே வாய்த்த உதாரணம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மூன்றும் தோலுக்கும் காலணிக்கும் பேர்போனவை. சித்தூரோ 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது, மாவட்டத் தலைநகரும் அதுதான். அதனால் செருப்புக் கடையில் ‘செப்பு’ என்பது யாருக்கும் புதிதல்ல. ஆனால் தெலுங்கில் ‘செப்பு’ என்றால் ‘சொல்’ என்றும் பொருள். இந்தச் செப்பு தமிழிலும் உண்டு. தொல்காப்பியத்தில் அது விடை, யாப்பிலக்கணத்தில் செப்பலோசை. இன்னொரு செப்பு செம்பின் வேறு வடிவம். செப்பேடு என்பதில் இருப்பது அது.

காலில் போடும் செப்பும் செப்பேட்டுச் செப்பும் ஒரே வேரா? கன்னடத்தைக் கேட்டால் தெரியும். தமிழிலும் தெலுங்கிலும் பல சொற்களின் தொடக்கத்தில் இருந்த ககரம் சகரமாகிவிட்டது, கன்னடம் பழைய ககரத்தை விடவில்லை. நமக்குச் ‘செவி’, அவர்களுக்குக் ‘கிவி’. செம்பின் வேர் செம்மை, அங்கே சிவப்புக்குக் ‘கெம்பு’. செருப்புக்கோ ‘கெர்ப்பு’, ‘கெர’ என்ற வடிவங்கள். ஒன்றில் மகரம், மற்றதில் ரகரம். இரண்டு வேர்கள் என்பது உறுதி. இங்கே தேய்ந்து ஒன்றாகிப்போனதைக் கன்னடம் பிரித்துக் காட்டிவிட்டது.

இதற்கு நேர்மாறும் நடக்கும். எழுத்தும் ஒன்று, பிறப்பும் ஒன்று, பொருள் மட்டும் விலகிப்போயிருக்கும். ‘அவசரம்’ நமக்கு வேகம், தெலுங்கில் தேவை. மூலமான வடசொல்லுக்கு வாய்ப்பு, தக்க சமயம் என்று பொருள். சமயம் தப்பிவிடும் என்பதிலிருந்து தமிழ் வேகத்துக்குப் போனது, சமயத்துக்கு வேண்டியது என்பதிலிருந்து தெலுங்கு தேவைக்குப் போனது. ‘எனக்கு அவசரம் இல்லை’ என்று சித்தூர்ச் சம்பந்தி சொன்னால் அவர் நிதானமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வேண்டாம் என்கிறார். ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் நடுவே இதைவிட ஆபத்தான ஜோடி உண்டு. ‘கிஃப்ட்’ ஆங்கிலத்தில் பரிசு, அதே எழுத்தில் ஜெர்மனில் விஷம். கொடுப்பது என்ற ஒரே வேர்தான். ஜெர்மனில் கொடுக்கப்படும் மருந்தளவாகி, கடைசியில் விஷத்தில் போய் நின்றது.

பொருளும் ஒத்துப்போனால் நம்பலாமா? அதையும் நம்ப முடியாது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரத்தில் நாய்க்கு ‘டாக்’ என்றே பெயர். ஆங்கிலேயரிடம் கடன் வாங்கியது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பக்கத்து மொழிகளில் நாய் ‘குடகா’. முதலசையும் கடைசி உயிரும் விழுந்து, மிச்சம் உருமாறி, ம்பாபரத்தின் சொந்த ஒலிவிதிகளின்படியே ‘டாக்’ ஆகியிருக்கிறது. சுத்தமான தற்செயல். ஒரு மொழியில் புழங்கும் ஒலிகள் சில டஜன்தான். குட்டிச் சொற்கள் எங்காவது மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, இதே சோதனையை ஆற்காட்டின் பெயரில் வைத்துப் பார்ப்போம். ஆறு காடுகள் இருந்த இடம் என்பது ஊரில் சொல்லும் கதை. பாலாற்றங்கரையில் இருக்கும் ஆறு சிவன் கோயில்களைச் சேர்த்து ஷடாரண்யம், அதாவது ஆறு காடு, என்பார்கள். ஆற்றங்கரைக் காடு என்போரும் உண்டு. எண்ணுக்கும் நதிக்கும் ‘ஆறு’ என்ற ஒரே எழுத்துதான், குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. ஆனால் எண்ணான ஆறு இன்னொரு சொல்லோடு சேர்ந்தால் பெரும்பாலும் குறுகும். அறுசுவை, அறுபடை. அப்படியானால் அறுகாடு ஆகியிருக்க வேண்டும். நதி சேர்ந்தால் ஆற்றுமணல், ஆற்றுநீர். அதன்படி ஆற்றுக்காடு. இரண்டுமே சரியாகப் பொருந்தவில்லை.

மரப்பெயர்களைப் பாருங்கள். திருவேற்காட்டில் வேல மரத்தின் ‘வேல்’ காடோடு சேர்ந்து ‘வேற்காடு’ ஆகிறது. அதே விதியில் ‘ஆல்’ சேர்ந்தால் ‘ஆற்காடு’, பலகையில் இருக்கும் எழுத்து அப்படியே வந்துவிடுகிறது. ஆனால் ‘ஆர்க்காடு’ என்றும் அச்சில் நிறையவே வந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் மரம் மாறிவிடும். ‘ஆர்’ என்றால் ஆத்தி, சோழர் சூடிய பூ. றகரம் என்றால் ஆலமரக் காடு, ரகரம் என்றால் ஆத்திக் காடு. இதற்குமேல் இலக்கணத்தை வைத்துத் தள்ள முடியாது. கல்வெட்டுகளைக் காலவரிசையில் அடுக்கி, எந்த எழுத்து முன்னால் வருகிறது என்று பார்க்க வேண்டியதுதான்.