எர்ஹூ வைத்திருப்பவர்களே, தோலைக் கவனியுங்கள்

போன மாதம் என் பட்டறைக்கு ஓர் எர்ஹூ, அதாவது வில்லால் வாசிக்கும் சீனத் தந்தி வாத்தியம், வந்தது. மரத்தில் ஒரு கீறல் இல்லை. அவ்வளவு பத்திரமாகத் துடைத்து வைத்திருந்தார்கள். ஆனால் குடத்தின் முகப்பில் போர்த்தியிருந்த மலைப்பாம்புத் தோல், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற சின்னத் துண்டுக்கு அடியில் குழிந்து, ஓரத்தில் கிழிந்திருந்தது. சிங்கப்பூர் வெயிலில், பூட்டிய காருக்குள் ஒரு பகல் முழுக்கக் கிடந்ததாம்.

இந்தச் சீன வாத்தியத்துக்கு இரண்டே தந்திகள். உள்தந்தி ச என்றால் வெளித்தந்தி ப. வில்லின் முடி இரண்டுக்கும் நடுவே ஓடும். விரல் பதிக்கப் பலகை கிடையாது. தந்திகளின் அழுத்தம் முழுவதும் ஒரு சின்னக் குதிரை வழியாக உள்ளங்கை அகலத் தோலில் இறங்குகிறது. குரல் பிறப்பதும் அந்தத் தோலில்தான்.

வாசித்து முடித்ததும் அப்படியே பெட்டியில் வைத்து மூடிவிடாதீர்கள். குடத்தின் மேல் விளிம்பில், தந்திகளுக்கு அடியில் ஒரு பென்சில் துண்டைச் செருகுங்கள். தந்தி சற்றே எழும்பி, தோலுக்கு ஓய்வு கிடைக்கும். மழைக்காலத்தில் தோல் தளர்ந்து நாதம் மந்தமாகும். அதற்காக ஹேர் டிரையர் பிடிக்கவே கூடாது! ஏசி காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம். அங்கே தோல் காய்ந்து இறுகும். வில்லின் முடியில் தடவும் ரோசின் என்ற பிசினின் பொடி தோலில் படிந்தால், அதை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

இன்னொன்று, பயணம். எர்ஹூவுக்குத் தோல் தரும் பர்மிய மலைப்பாம்பு, காட்டுயிர்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2005 ஜனவரி 1 முதல் சீனாவில் விற்கும் எர்ஹூவின் தோல் சட்டப்படி வந்தது என்பதற்குச் சான்று வேண்டும். வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்கி, வாத்தியப் பெட்டியிலேயே வையுங்கள். விதி நாட்டுக்கு நாடு மாறும். கிளம்பும் முன் இரண்டு நாட்டு விதிகளையும் பார்த்துவிடுங்கள்.

உடும்புத் தோல் கஞ்சிராவுக்கு வந்த கட்டுப்பாடு நமக்குத் தெரிந்ததுதானே. அங்கே மாற்றுத் தோலுக்கு வாசிப்பவர்கள் பழகிக்கொண்டார்கள். ஹாங்காங் சீன இசைக்குழுவும் பாம்புத் தோலை விட்டுவிட்டு, பாலியஸ்டர் படலம் போர்த்திய எர்ஹூக்களை உருவாக்கி மேடையேற்றியிருக்கிறது. ஈரப்பதம் ஏறி இறங்கினாலும் அந்தப் படலம் தோல் அளவுக்கு அலைபாயாது. புதிதாகக் கற்க வருகிற பிள்ளைகளுக்கு நான் இப்போது அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.