பூட்டு விழுவதற்குப் பதினோரு நாள் முன்பு

நெட்வொர்க் பாதுகாப்பு வேலையில் எனக்கு அவசர போன் வருவது பெரும்பாலும் விடுமுறை முடிந்த மறுநாள் காலையில்தான். ஒரு பொங்கல் முடிந்து பின்னலாடை கம்பெனி ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். "சார், டேலி அக்கவுண்ட்ஸ் திறக்க மாட்டேங்குது. எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் ஏதோ எழுத்து ஒட்டிக்கிட்டிருக்கு." ரான்சம்வேர்: ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நாசகார மென்பொருள்.

கணக்காளர் வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பின் (தூரத்திலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள். சர்வரில் நடப்பதையெல்லாம் எண் போட்டுக் குறித்துவைக்கும் லாகில் 4625 வரிசையாக ஓடியது. ஒவ்வொன்றும் ஒரு தவறான பாஸ்வேர்டு முயற்சி. நடுவில், இரவு 2.40க்கு, அந்தக் கணக்காளர் பெயரில் ஒரு 4624, அதாவது வெற்றியான லாகின். திருடன் உள்ளே வந்துவிட்டான். பூட்டு விழுந்த நாள் அல்ல அது. அதற்குப் பதினோரு நாள் முன்பு.

அத்தனை நாளும் வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு அறையாகப் பார்த்திருக்கிறான். மூன்றாம் நாள் ஒரு 4720: புது யூசர் கணக்கு, பெயர் 'சப்போர்ட்'. அப்புறம் ஆன்டிவைரஸை நிறுத்தினான். பேக்கப் ஹார்ட் டிஸ்க் சர்வரிலேயே எப்போதும் செருகிக் கிடந்தது. போகி அன்று இரவு அதையும் சேர்த்தே பூட்டினான்.

பெரிய இடத்திலும் இதே பொறுமைதான். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் கை வைத்தவர்கள், வேலை கேட்பவர் போல மின்னஞ்சல் அனுப்பி ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே நுழைந்திருந்தார்கள். அடித்தது வியாழன் இரவு. டாக்காவில் வெள்ளி விடுமுறை, வங்கியின் பணம் இருந்த நியூயார்க்கில் சனி, ஞாயிறு, பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் திங்கள் சீனப் புத்தாண்டு. வங்கிகள் பணம் அனுப்பச் சொல்லிக்கொள்ளும் ஸ்விஃப்ட் வலையமைப்பின் பரிவர்த்தனைகளை அச்சிடும் பிரிண்டர் ஓடவில்லை. வழக்கமான கோளாறு என்றே ஊழியர்கள் நினைத்தார்கள். 81 மில்லியன் டாலர் மணிலாவுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 20 மில்லியன் மட்டும் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை அவர்கள் தப்பாக எழுதியதால் மாட்டிக்கொண்டது.

வெளியிலிருந்து வருபவர்களைத் தடுக்கும் ஃபயர்வால் வாங்கியாச்சு, இனிக் கவலையில்லை என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் லாகை யார் பார்க்கிறார்கள்? நடுராத்திரி லாகின், யாரும் கேட்காத அட்மின் கணக்கு, தானாக அணைந்த ஆன்டிவைரஸ். இந்த மூன்றையும் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். ரிமோட் டெஸ்க்டாப் வேண்டுமென்றால் விபிஎன் என்ற மறைகுறியிட்ட தனிப் பாதை வழியாக, ஓடிபியோடு. பாதிப்பு தெரிந்ததும் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது 2022 முதல் விதி. பலருக்கு இது தெரியாது. பயத்தில் சர்வரை ஃபார்மேட் செய்துவிடுவார்கள், தடயமும் அதோடு போய்விடும்.

அந்தக் கம்பெனி பணம் கொடுக்கவில்லை. டிசம்பர் கடைசியில் ஆடிட்டருக்கு அனுப்பிய டேலி பிரதி ஒன்று கிடைத்தது. மிச்ச நாள் பில்களை நான்கு பேர் உட்கார்ந்து கையால் ஏற்றினார்கள். இப்போது கணக்காளர் தினமும் மாலையில் பேக்கப் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கி, செக் புக்கோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புகிறார்.