வகைக்கெழுச் சமன்பாடு: சொல் விளக்கம்

பொறியியல் மாணவர்கள் ‘டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்’ என்று வழங்குவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வகைக்கெழுச் சமன்பாடு என்கின்றன. இலங்கையில் அது வகையீட்டுச் சமன்பாடு. ஒரு கணியம் மாறும் வீதத்தை உள்ளடக்கிய சமன்பாடு என்பது இதன் பொருள். இதன் தீர்வு ஓர் எண்ணன்று, ஒரு சார்பு, அதாவது ஒரு கணியம் மற்றொன்றைப் பொறுத்து அமையும் விதி.

வேறுபாடு எனப் பொருள்படும் ‘டிஃபரென்ஷியா’ என்னும் இலத்தீன் சொல்லே மூலம். 1676இல் இத்தொடரை இலத்தீனில் கையாண்ட ஜெர்மானியக் கணிதவியலர் லைப்னிட்ஸ், இரு மாறிகளின் மிக நுண்ணிய வேறுபாடுகளுக்கு, அதாவது வகையீடுகளுக்கு, இடையிலான தொடர்பையே கருதினார் என்பதால், இலங்கை வழக்கு மூலத்துக்கு நெருக்கமானது. தமிழ்நாட்டு வழக்கிலுள்ள ‘கெழு’, ‘குன்றுகெழு நாடன்’ என்னும் சங்கத் தொடரில் பொருந்துதலைக் குறிப்பது. கணிதத்தில் மாறியோடு பொருந்தி நிற்கும் பெருக்கெண்ணுக்குப் பெயராயிற்று. மாறுவீதத்தை ஆங்கில நூல்கள் முன்பு ‘டிஃபரென்ஷியல் கோஎஃபிஷியன்ட்’ என்றே எழுதின. வகைக்கெழு அதற்கு நேரான தமிழ். இரண்டும் சரியே, எனினும் பொறியியல் மாணவர் முதலில் எழுத வேண்டியது மாறுவீதத்தையே என்பதால், வகைக்கெழுச் சமன்பாடே அவர்களுக்கு ஏற்றதென்பேன்.

அறைகூவல்களால் வளர்ந்த துறை இது. மேலிருந்து கீழே, தன் எடையால் மட்டுமே வழுக்கும் பொருள் மிக விரைவில் வந்துசேரும் வளைகோடு எது என்று 1696இல் சுவிட்சர்லாந்துக் கணிதவியலர் யோஹான் பெர்னூலி கேட்டார். விடை தந்தோருள் நியூட்டனும் லைப்னிட்ஸும் அடங்குவர். இன்றைய வகுப்பறையிலோ சமன்பாடு ஆயத்தமாகத் தரப்படுகிறது. அதன் வரிசையையும் (உயர்ந்த வகைக்கெழு எத்தனையாவது என்பது) படியையும் (அவ்வகைக்கெழுவின் அடுக்கு) கண்டு, உரிய சூத்திரத்தில் இடுவதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. வாக்கியத்திலிருந்து சமன்பாட்டை அமைக்கச் சொல்லும் கடினமான கணக்குகளே இச்சொல்லின் பொருளை உணர்த்தும்.

அமெரிக்க வகுப்புகளில் புகழ்பெற்ற பனிக்கணக்கு ஒன்றைப் பார்ப்போம். முற்பகலில் தொடங்கிய பனி சீராகப் பொழிகிறது. நண்பகலில் புறப்பட்ட பனியகற்றும் வண்டி முதல் மணி நேரத்தில் 2 மைலும் அடுத்த மணி நேரத்தில் 1 மைலும் செல்கிறது. பனி எப்போது தொடங்கியது? தரவு போதாதென்றே மாணவர்கள் முதலில் நினைப்பார்கள். மணிக்கு ஒரே கன அளவுப் பனியை வண்டி அகற்றுகிறது எனக் கொண்டால், அதன் வேகம் பனியின் ஆழத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆழமோ பனி தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்துக்கு நேர்விகிதம். ஆகவே தொலைவின் வகைக்கெழு, ஒரு மாறிலியை அந்நேரத்தால் வகுத்ததற்குச் சமம். தொகையிட்டால் மடக்கை வரும். இரு தொலைவுகளையும் ஒப்பிட்டால் மாறிலி நீங்கி ஓர் இருபடிச் சமன்பாடு எஞ்சும். அதன் விடை, அதாவது நண்பகலுக்கு முன் பனி பொழிந்த நேரம், 0.618 மணி, அதாவது ஏறத்தாழ 37 நிமிடம். பனி தொடங்கியது முற்பகல் 11.23க்கு.